சிறையா, சிகிச்சையா?

குஜராத் மாநிலம் முந்த்ரா துறைமுகத்தில் 2021 செப்டம்பரில் ஏறத்தாழ 3,000 கிலோ ஹெராயின் பிடிபட்டபோது நாடே அதிர்ந்தது. இத்தகைய பறிமுதல்கள் தலைப்புச் செய்திகளாகின்றன. அந்தப் பொருளுக்கு இரையாகி, வீட்டின் ஒரு மூலையில் முடங்கிக் கிடக்கும் இளைஞனின் கதை மட்டும் செய்தியாவதில்லை.

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக தில்லி எய்ம்ஸ் மருத்துவமனை நடத்திய தேசிய ஆய்வு 2019-ல் வெளியானது. அதன்படி, ஹெராயின், அபின் உள்ளிட்ட பொருள்களால் பாதிக்கப்பட்டு, உதவி தேவைப்படும் நிலையில் இருந்தவர்கள் சுமார் 77 லட்சம் பேர். ஊசி மூலம் போதை ஏற்றிக்கொள்வோர் சுமார் 8.5 லட்சம் பேர். சட்டவிரோத போதைப்பொருள்களுக்கு அடிமையானவர்களில் 20 பேரில் ஒருவர் மட்டுமே எப்போதாவது மருத்துவமனையில் தங்கி சிகிச்சை பெற்றிருக்கிறார் என்பதுதான் இதில் மிகவும் வேதனையானது.

ஹெராயின் பழக்கம் வெறும் ஒழுக்கக்கேடு அல்ல. அது மூளையின் இயக்கத்தையே மாற்றிவிடும் நோய். நிறுத்தினால் உடல்வலி, வாந்தி, உறக்கமின்மை என்று வாட்டும். அந்த வேதனைக்கு அஞ்சியே பலர் மீண்டும் அதை நாடுகின்றனர். ஊசியைப் பகிர்ந்துகொள்வதால் எச்ஐவியும், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி தொற்றும் பரவுகின்றன. அளவு மீறினால் மூச்சே நின்றுவிடும்.

இதைச் சட்டம் அறியாமல் இல்லை. 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், ஹெராயின் உட்கொள்வோருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க வகை செய்கிறது. அதே சட்டத்தின் 64-ஏ பிரிவு, அடிமையானவர் தாமாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து பாதுகாப்பு அளிக்கிறது. அவரைச் சிறைக்குப் பதிலாக சிகிச்சைக்கு அனுப்ப 39-வது பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. இந்தப் பிரிவுகள் இருப்பது எத்தனை குடும்பங்களுக்குத் தெரியும்?

சிறைக்கு அனுப்புவதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. சில மாதங்கள் போதையின்றி இருந்தவரின் உடல், பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடுகிறது. சிகிச்சையின்றி விடுதலையாகி, மீண்டும் அதே அளவை எடுத்துக்கொள்பவர் உயிரிழக்கும் வாய்ப்பு மிக அதிகம்.

போதைப்பொருளால் பெரிதும் பாதிக்கப்பட்ட பஞ்சாப் இதற்கு ஒரு வழியைக் காட்டியிருக்கிறது. கடத்தல்காரர்களுக்கு மரண தண்டனை விதிக்கலாம் என்று 2018-ல் பரிந்துரைத்த அதே மாநில அரசுதான், அடிமையானவர்களுக்காக 2017 அக்டோபரில் வெளிநோயாளி சிகிச்சை மையங்களைத் தொடங்கியது. போதை ஏக்கத்தைத் தணிக்கும் புப்ரனார்ஃபின் கலந்த மருந்து அங்கு வழங்கப்படுகிறது. நோயாளி வீட்டில் இருந்தபடியே வேலைக்கும் செல்ல முடிகிறது. மருந்துடன் மனநல ஆலோசனையும் தொடர் கண்காணிப்பும் இருந்தால்தான் இது முழுப் பயன் தரும்.

வருமுன் காப்பது பள்ளியிலும் வீட்டிலும் தொடங்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு நாள் உறுதிமொழி எடுப்பதால் மட்டும் பயனில்லை. மாணவரிடம் தெரியும் மாற்றத்தை முதலில் உணரும் ஆசிரியருக்கும் பெற்றோருக்கும், யாரை அணுகுவது என்பது தெரிந்திருக்க வேண்டும். மத்திய அரசின் 14446 என்ற இலவச ஆலோசனைத் தொலைபேசி எண் ஒவ்வொரு பள்ளிச் சுவரிலும் இடம்பெற வேண்டும்.

கடத்துபவரிடம் சட்டம் கடுமை காட்டட்டும். அடிமையானவருக்குத் தேவை மருத்துவரே தவிர, காவலர் அல்ல. ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையிலும் சிகிச்சைப் பிரிவு இயங்காதவரை, எத்தனை டன் பறிமுதல் செய்தாலும் அது பாதி வெற்றியே.