மருத்துவ மாநாடும் மாசுறும் வானமும்



நம் சங்கக் குடும்பங்களில் மருத்துவம் பயின்ற மக்கள் பலர் உளர். பிழைப்பை நாடிச் சித்தூருக்கும் திருப்பதிக்கும் வந்து குடியேறிய பெற்றோர், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அவர்களைப் படிக்க வைத்தனர். அப்பிள்ளை மருத்துவ மாநாட்டிற்கென முதன்முறையாக வெளிநாட்டு விமானம் ஏறும் நாளில் வீட்டில் பொங்கும் பெருமிதத்தை நாம் அறிவோம். அதனைக் குறைப்பது நம் நோக்கமன்று. ஆயினும், அப்பயணம் வானில் விட்டுச் செல்லும் புகையைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டிய காலம் வந்துவிட்டது.

அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் 2006-ஆம் ஆண்டில் நுரையீரல் மருத்துவர்களின் பெருமாநாடு ஒன்று கூடியது. அதற்கு வந்தோரின் விமானப் பயணத்தால் மட்டும் 10,000 டன்னுக்கு மேற்பட்ட கரியமில வாயு வெளிப்பட்டதென மருத்துவர்களே பின்னர்க் கணக்கிட்டு எழுதினர். மூச்சைக் காக்கக் கூடியோர் காற்றின் சுமையைக் கூட்டிய விந்தை இது! இத்தகைய மாநாடுகள் இனியும் வேண்டுமா என்று 2008-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வாதமே நிகழ்ந்தது.

மற்றொரு கணக்கு இதனினும் தெளிவானது. 2019-இல் சான் பிரான்சிஸ்கோவில் புவியியல் அறிஞர் ஏறத்தாழ 28,000 பேர் கூடினர். அவர்தம் பயணத்தால் எழுந்த கரியமில வாயு சுமார் 80,000 டன். தலைக்கு ஏறக்குறைய 3 டன். நம் நாட்டில் ஒருவர் பங்கிற்கு ஓர் ஆண்டு முழுவதும் வெளியாவதே சுமார் 2 டன்தான். அடுப்பு, விளக்கு, வண்டி, ஆலை அனைத்தும் சேர்ந்து ஓராண்டில் செய்வதை ஒரு வாரக் கூட்டம் விஞ்சிவிடுகிறது! மேலும், 8,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்தோர் மூன்றில் ஒரு பங்கினரே. புகையிலோ நான்கில் மூன்று பங்கு அவர்களுடையது. ஆகவே குற்றம் கூடுவதில் இல்லை. நெடுந்தொலைவு பறந்து கூடுவதில்தான் உள்ளது.

"எங்கோ எழும் புகையால் நமக்கென்ன?" என வினவுவாரும் உளர். 2021-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் திருப்பதி நகரம் வெள்ளத்தில் மிதந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். தெருக்கள் ஆறாயின, திருமலைக்குச் செல்லும் மலைப்பாதைகள் மூடப்பட்டன. அம்மழையின் பழியை ஏதோ ஒரு விமானத்தின்மேல் சுமத்துவது அறிவுடைமை ஆகாது. ஆயினும் காற்று ஒரு டிகிரி வெப்பம் கூடினால் அது தாங்கும் ஈரம் நூற்றுக்கு ஏழு பங்கு மிகும். பெய்யும்போது கொட்டித் தீர்க்கும். இஃது இயற்கையின் விதி. வெள்ளம் வடிந்தபின் வரும் காய்ச்சலுக்கும் கழிச்சலுக்கும் மருந்து கொடுப்பவரும் நம் மருத்துவப் பிள்ளைகளே அல்லரோ?

இதற்கு வழி காட்டிய ஊர் நம் சித்தூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. அதன் பெயர் அரகொண்டா. அப்பல்லோ மருத்துவமனைகளைத் தோற்றுவித்த பிரதாப் ரெட்டி பிறந்த சிற்றூர். 2000-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அங்குத் தொலைமருத்துவ நிலையம் தொடங்கப்பெற்றது. அந்நாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த பில் கிளிண்டன் அதனைத் தொடங்கி வைத்தார். பின்னர் இஸ்ரோவின் துணையால் செயற்கைக்கோள் வழியே அவ்வூர் மருத்துவமனை சென்னையோடு இணைக்கப்பட்டது. நோயாளி ஊரிலேயே இருந்தார். நிபுணரும் நகரிலேயே இருந்தார். அறிவு மட்டும் பயணம் செய்தது. உழவர் ஒருவரின் நெஞ்சு வலிக்கே இவ்வாறு மருத்துவம் கிடைக்கும்போது, ஒரு மணி நேரச் சொற்பொழிவிற்குக் கடல் கடக்கத்தான் வேண்டுமா? 2020-இல் கொரோனா உலகைப் பூட்டியபோது மாநாடுகள் திரையில் நடந்தன. மருத்துவக் கல்வி நின்றுவிடவில்லை.

எனினும் நேரிற் காண்பதன் பயனை நாம் மறுக்கவில்லை. அறுவைக் கலையின் நுட்பத்தைக் கைபிடித்துக் கற்க வேண்டும். தேநீர் வேளையில் பிறக்கும் நட்பு, இளைஞரின் வாழ்வுக்கே திருப்பம் தரும். அதற்கும் வழியுண்டு. காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதிக்கு இருப்புப்பாதை இருக்கிறது. சென்னையோ 150 கிலோமீட்டர்த் தொலைவுதான். வேலூர், சித்தூர், திருப்பதி, சென்னை ஆகிய நான்கு ஊர்களிலும் உள்ள மருத்துவர்கள் ஆண்டுக்கொருமுறை ஓரிடத்தில் கூடினால், அக்கூட்டம் எந்நாட்டு மாநாட்டிற்கும் இளைத்ததன்று. புகைவண்டி என்ற பெயர் நிலைத்துவிட்டது, புகையோ போய்விட்டது. மின்சாரத்திற்காக எரியும் நிலக்கரியைச் சேர்த்துப் பார்த்தாலும், விமானத்தை நோக்க அதன் மாசு பன்மடங்கு குறைவு.

குடிபெயர்ந்து வாழும் நமக்குப் பயணத்தின் அருமை பிறரினும் நன்றாகத் தெரியும். தாய் நோயுற்றாள் என்ற செய்தி வந்தால், அயல்நாட்டிலுள்ள மகன் அன்றே விமானம் ஏறத்தான் வேண்டும். அவனை எவரும் குறை கூறார். தாயின் முகத்தைத் திரையில் கண்டு ஆறுதல் கொள்ள இயலாது. சொற்பொழிவையோ திரையில் கேட்டுக் குறிப்பெடுக்க இயலும். இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையை உணர்தலே இன்று வேண்டப்படுவது. வானம் தாங்கும் சுமைக்கு எல்லை உண்டெனின், அவ்வெல்லைக்குள் எப்பயணத்திற்கு இடம் தருவது என்பதை நாமே தேர்ந்துகொள்ளல் வேண்டும்.

ஆதலின் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மகனோ மகளோ மாநாட்டு அழைப்புடன் வந்து நிற்கும்போது, வாழ்த்துவதற்கு முன் மூன்று வினாக்களைக் கேளுங்கள். இதனை இங்கிருந்தே கேட்க இயலாதா? புகைவண்டியில் செல்ல இயலாதா? போகத்தான் வேண்டுமெனின், இரண்டு மூன்று பணிகளை ஒரே பயணத்தில் முடித்து வர இயலாதா? மூன்றிற்கும் தக்க விடை சொல்லும் பிள்ளையை மனமார வாழ்த்தி அனுப்புங்கள். விடை சொல்லத் தயங்கும் பிள்ளையிடம், மிச்சமாகும் பயணத்தைத் தாத்தா பாட்டியைப் பார்க்க வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.