பஞ்சுக் கோழிக்கு மழை ஆகாது!

உடம்பெல்லாம் பூனை மயிர். தலையில் பூச்செண்டு போலக் கொண்டை. காலுக்கு ஐந்து விரல். தோலோ கறுப்பு! இதுதான் "சில்கி" கோழி. பூர்வீகம் சீனா. 13-ம் நூற்றாண்டில் அங்கு போன மார்க்கோ போலோவே இப்படிப்பட்ட கோழியைப் பற்றி எழுதியிருக்கிறார்.

பார்க்க அழகுதான். ஆனால் கல்வராயன் மலையில் வளர்க்க ஏற்றதா?

நாட்டுக்கோழி இறகில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் உண்டு. அவை இழைகளைச் சேர்த்துப் பிடிப்பதால் மழைநீர் வழிந்து ஓடிவிடும். சில்கிக்கு அந்தப் பிடிப்பு இல்லை. நனைந்தால் பஞ்சாக ஊறி, குளிரில் நடுங்கும். பறக்கவும் வராது. கொண்டை கண்ணை மறைப்பதால் பருந்து வருவதும் தெரியாது. பாவம்!

வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கம் ஐப்பசி மழையில் இதை மேய விடுவது கொலைக்குச் சமம். கள்ளக்குறிச்சியிலும் ஒழுகாத கூரையும், ஈரமில்லாத தரையும் வேண்டும். மயிருக்குள் பேன் பிடிக்கிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும்.

அழகுக்காக மட்டும் வாங்குவது வீண் செலவு. அடை வைக்க வாங்கினால் லாபம் உண்டு. குஞ்சு வளர்க்கும் நாட்டுக்கோழி பல வாரம் முட்டை இடாது. அந்த வேலையைச் சில்கியிடம் கொடுத்தால், நாட்டுக்கோழி அடை தெளிந்து சீக்கிரம் முட்டைக்கு வரும். சில்கி 21 நாளும் பொறுமையாக உட்காரும். வாத்து முட்டை வைத்தால் 28 நாள்! பொரிந்தது வாத்துக்குஞ்சு என்றாலும் இறக்கைக்குள் அணைத்துக்கொள்ளும்.