தட்டுக்குள் இருக்கும் கல்யாணம்

தாசேக் கெலுகோரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். தோட்டத்து லயத்தில் இருந்தபோது மகளுக்கு நடந்த கல்யாணத்தை டிவிடியில் எடுத்து வைத்தார்களாம். இப்போது போட்டால் நின்று நின்று ஓடுகிறதாம். "என் மாமியார் பேசிச் சிரிப்பது அதில் மட்டும்தான் இருக்கிறது. லயமும் இப்போது இல்லை" என்கிறார்.

சகோதரி, முதலில் அந்தத் தட்டை மறுபடி மறுபடி போட்டுப் பார்ப்பதை நிறுத்துங்கள். கடையில் விற்கும் சினிமாத் தட்டு அச்சில் அழுத்தியது. கல்யாண வீடியோக்காரர் தருவதோ ஒரு சாயப் பூச்சில் எழுதியது. வெயிலும் வெக்கையும் ஈரமும் சாயத்துக்குப் பகை. தொலைக்காட்சிப் பெட்டியின் மேலேயே வருஷக்கணக்கில் வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடையுங்கள். வட்டமாகத் தேய்க்கக் கூடாது. (பற்பசை தடவச் சொல்கிறவர்களும் உண்டு. வேண்டாம்!) பிறகு கணினியில் போடச் சொல்லுங்கள். ஒரு கருவி படிக்காததை இன்னொன்று படிப்பதுண்டு. ஆகவே, ஒரு கடைக்காரர் கையை விரித்தால் உடனே தட்டை எறிந்துவிடாதீர்கள்.

தட்டுக்குள் 'வீடியோ_டிஎஸ்' என்று ஓர் உறை இருக்கும். அதை அப்படியே, முழுசாக, ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுக்க வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். படம் ஏறக்குறைய 1 ஜிபி அளவுள்ள துண்டுகளாக வெட்டப்பட்டிருக்கும். முதல் துண்டை மட்டும் எடுத்துவிட்டுப் பையன் போய்விடுவான். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கும்போது படம் அறுந்துபோகும். பக்கத்தில் 'ஆடியோ_டிஎஸ்' என்று ஓர் உறை காலியாகக் கிடந்தால் பயப்படாதீர்கள், அது அப்படித்தான்.

ஓட்டிப் பார்க்க விஎல்சி போதும். பிரான்ஸ் நாட்டு மாணவர்கள் தொடங்கியது, காசு கிடையாது. உறையைக் காட்டினால் துண்டுகளைச் சேர்த்து ஓட்டும். வீட்டுப் படங்களையெல்லாம் வரிசையாகப் பெரிய தொலைக்காட்சியில் பார்க்க கோடி என்ற மென்பொருள் நல்லது, அதுவும் இலவசம். 'மகள் கல்யாணம்' என்று ஓர் உறைக்குப் பெயரிட்டு, வீடியோ_டிஎஸ்ஸை அதற்குள் வையுங்கள். பிளெக்ஸுக்கு இந்த உறை ஒத்துவராது. ஹேண்ட்பிரேக்கில் எம்பி4 ஆக மாற்றிக் கொடுக்க வேண்டும். மாற்றினாலும் மூல உறையை அழித்துவிடாதீர்கள்.

படம் மங்கலாகத் தெரிந்தால் அது நகலின் குற்றமல்ல. டிவிடியில் இருப்பதே 720க்கு 576 புள்ளிகள்தான். ஆட்கள் அசையும்போது சீப்புப் பல்போலக் கோடு விழுந்தால், விஎல்சியில் 'டீஇன்டர்லேஸ்' என்பதைத் திறந்துவிடுங்கள்.

கடையில் வாங்கிய சினிமாத் தட்டுகளையும் இப்படி எடுக்கலாமா என்று அடுத்த கடிதம் வரும், தெரியும்! அவற்றில் பெரும்பாலும் பூட்டு உண்டு. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் வந்த திருத்தம் அந்தப் பூட்டை உடைப்பதைத் தடுக்கிறது. உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் பூட்டு இராது.

ஒரு தட்டு 4.7 ஜிபி. 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் இருநூறு தட்டுகள் அடங்கும்; சொந்தக்காரர் வீட்டுத் தட்டுகளையும் கேட்டு வாங்குங்கள். இன்னொரு நகலை மகள் வீட்டில் வையுங்கள். இரண்டையும் ஒரே அலமாரியில் வேண்டாம்.