திறப்பு இன்னும் ரொறன்ரோவில்

மருதனார்மடச் சந்தைக்குப் பக்கத்தில் திருத்தகம் வைத்திருக்கும் நண்பரிடம் போன மாதம் ஒரு மடிகணினி வந்தது. ரொறன்ரோவில் இருக்கும் தம்பி அனுப்பியது, கொண்டுவந்தவர் அவருடைய அக்கா. அக்காவின் மகள் உயர்தரம் படிக்கிறாள். "படமெல்லாம் வருது தம்பி, உள்ளுக்குப் போக விடுதில்லை" என்றார். திரையில் ஒரு கனடிய நிறுவனத்தின் பெயர். கீழே கடவுச்சொல் கேட்கும் பெட்டி.

நமக்குப் பழகிய சங்கதிதான். கழித்த இயந்திரத்தை ஊழியருக்குக் கொடுத்த அலுவலகம், அலுவலகக் கணினிகளைப் பதிந்துவைக்கும் மைக்ரோசொப்டின் ஓட்டோபைலட் பட்டியலிலிருந்து அதை நீக்க மறந்துவிட்டது. வின்டோஸைப் புதிதாக ஏற்றினாலும், வன்தட்டையே மாற்றினாலும், இணையம் கிடைத்ததும் அதே பெயர் வரும். மதர்போர்டின் அடையாளம் மைக்ரோசொப்டின் சேர்வரில் பதிந்து கிடக்கிறது. லினக்ஸ் போடலாமென்றால் யூ.எஸ்.பி.யை பயோஸ் கடவுச்சொல் மறிக்கிறது. எட்டுக்கால் பயோஸ் சிப்பில் கிளிப்பைக் கொழுவ நண்பருக்குத் தெரியும். கொழுவவில்லை. களவுபோன இயந்திரத்தைக் காப்பதும் இதே பூட்டுத்தான். சாமான் கைமாறும்போது திறப்பும் கைமாறியிருக்க வேண்டும், அவ்வளவே.

தொண்ணூறுகளில், போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோ சுழற்றி வானொலி கேட்டோம். காபரேற்றருக்குச் சில துளி பெற்றோல் காட்டி உதைத்துவிட்டு மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். புகை சகிக்காதுதான். ஆனாலும் அந்த வானொலியோ மோட்டார் சைக்கிளோ யாரிடமும் அனுமதி கேட்டு இயங்கவில்லை.

இப்போது பூட்டாத பழைய இயந்திரத்துக்கும் அனுமதி வேண்டியிருக்கிறது. 2025 ஒக்டோபர் 14 உடன் வின்டோஸ் 10 இன் வழமையான ஆதரவு முடிந்தது. ஏழாம் தலைமுறை இன்ரெல் இயந்திரங்களில் பெரும்பாலானவற்றை வின்டோஸ் 11 ஏற்பதில்லை. றம்மைக் கூட்டி, எஸ்.எஸ்.டி. போட்டு, லினக்ஸ் மின்ற் ஏற்றினால் அவை இன்னும் சில வருடம் ஓடும், றம் போர்டோடு ஈயம் வைத்து ஒட்டப்படாமல் இருந்தால். சில லினக்ஸ் வகைகளுக்கு, கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் செக்கியுவர் பூட் வசதியை நிறுத்தவும் முடியவேண்டும். வின்டோஸ் 8 காலத்தில் மேசைக்கணினி, மடிகணினிகளில் அப்படி நிறுத்த இடம்விடுவதை மைக்ரோசொப்ட் கட்டாயமாக்கியிருந்தது. வின்டோஸ் 10 உடன் தயாரிப்பாளர் விருப்பத்துக்கு விட்டுவிட்டது.

பழைய மடிகணினி விற்பவர்கள் இனிப் பற்றுச்சீட்டில் எழுதிக் கொடுப்போம்: பயோஸ் கடவுச்சொல் இல்லை, யூ.எஸ்.பி.யில் தொடங்கும், றம் மாற்றலாம். எழுத முடியாததை விலை குறைத்து விற்போம். வெளிநாட்டிலிருந்து சாமான் எதிர்பார்ப்பவர்களிடம், பார்சல் கட்டமுன் அலுவலகப் பதிவை நீக்குவிக்கச் சொல்வோம். அங்கே அலுவலகத்தின் கணினிப் பொறுப்பாளருக்கு அது சில நிமிட வேலை.

தம்பி அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறாராம். மடிகணினி, சார்ஜரோடு ரப்பர் பட்டி போட்டபடி, நண்பரின் றாக்கையில் இருக்கிறது.