அரச மின்னஞ்சலும் ஆறப்போட்ட திருத்தமும்

2023 ஓகஸ்ட் மாதம் லங்கா அரசாங்க முகில் கட்டமைப்பின் மீது, கப்பம் கோரும் மென்பொருளைக் கொண்டு நடத்தப்பட்ட தாக்குதலில் அமைச்சரவை அலுவலகத்தினது உட்பட சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் இழக்கப்பட்டன. இணைப்பிலேயே இருந்த காப்புப் பிரதியும் சேர்ந்தே முடக்கப்பட்டது. அக்காலப் பகுதிக்குத் தனியான பிரதி இருக்கவில்லை.

தாக்கியவர்களின் கெட்டித்தனத்தை வியப்பதற்கு முன்னர், கதவை யார் திறந்து வைத்தார்கள் என்று கேட்க வேண்டியுள்ளது. பயன்பாட்டிலிருந்த மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ் 2013 பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் அவ்வாண்டு ஏப்ரல் 11 உடன் நிறுத்தப்பட்டிருந்தன. அது முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட திகதி. 2021 மார்ச்சில் இதே மென்பொருளின் ஓட்டைகள் ஊடாக உலகெங்கும் பல்லாயிரம் சேவையகங்கள் ஊடுருவப்பட்ட போதே எச்சரிக்கை மணி அடித்தாயிற்று. பதிப்பை மாற்றும் திட்டம் 2021 முதல் இருந்தும், நிதிப் பற்றாக்குறையும் முன்னைய பணிப்பாளர் சபையின் சில தீர்மானங்களும் தடையாகின என்பது பொறுப்பான முகவரகத்தின் விளக்கம். 2022 இல் நாடே வங்குரோத்து நிலையில் இருந்ததால் நிதிக் காரணத்தை ஓரளவு ஏற்கலாம். ஆனால், பிரதியொன்றைக் கழற்றித் தனியே வைக்க எவ்வளவு பணம் வேண்டும்?

காணி, ஓய்வூதியம், இடமாற்றம் என்று அக்காலத்தில் எழுதியவர்களின் கோரிக்கைகளும் காணாமற்போயிருக்கக்கூடும். எந்த அமைச்சு எந்தப் பதிப்பை இயக்குகின்றது, இறுதித் திருத்தம் எப்போது இடப்பட்டது என்ற விபரங்கள் ஆண்டுதோறும் பாராளுமன்றத்திற்குச் சமர்ப்பிக்கப்பட வேண்டும்.