தீப்பொறிக்குக் கத்தி எதற்கு?

பள்ளி விடுமுறையில் சாரணர் முகாமுக்குப் போகும் மாணவர்கள் சிலரிடம் இப்போது ஒரு கறுப்புக் குச்சி இருக்கிறது. சுண்டுவிரல் அளவு, ஒரு முனையில் பிளாஸ்டிக் பிடி, கயிற்றில் தொங்கும் சிறிய தகடு. தகட்டால் சுரண்டினால் பொறி கொட்டும் என்று அட்டையில் படம் போட்டிருக்கும். சுரண்டிப் பார்த்தால் ஒன்றிரண்டு பொறி வரும். சில நேரம் அதுவும் வராது. "குச்சி மட்டமான சாமான்" என்பார் ஒருவர். இன்னொருவர் உடனே கத்தியை எடுத்து நீட்டுவார். நல்ல எஃகுக் கத்தி, இதில் இழுத்தால் வரும் என்பார்.

கொஞ்சம் பொறுங்கள். கத்தி வேண்டாம். குச்சியிலும் குறை இல்லை. அந்தத் தகட்டின் விளிம்பைத்தான் நீங்கள் சந்தேகிக்க வேண்டும்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு பெயரும் காரணம் என்பேன். சிகரெட் லைட்டருக்குள் இருப்பதை நாம் 'லைட்டர் கல்' என்கிறோம். சிக்கிமுக்கிக் கல்லின் ஞாபகம் அது. பழைய முறையில் சிக்கிமுக்கிக் கல்லால் எஃகுத் துண்டை அடிப்பார்கள். கல் எஃகைவிடக் கடினமானது. அது எஃகைச் செதுக்கும்; செதுக்கிய இரும்புத் துகள் சூடேறி எரியும். அங்கே பொறி எஃகிலிருந்து வருகிறது. அதனால் எஃகு எப்படிப்பட்டது என்று பார்ப்பது அங்கே நியாயம்.

கறுப்புக் குச்சியில் எல்லாம் தலைகீழ். அது கல்லே அல்ல. ஃபெரோசீரியம் என்ற உலோகக் கலவை. ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் அவுவர் ஃபொன் வெல்ஸ்பாக் 1903இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். உங்கள் தாத்தா காலத்து பெட்ரோமாக்ஸ் விளக்கில் வெள்ளை வலை ஒன்று ஒளிருமே, அந்த 'மேன்டில்' வகையை உருவாக்கியவரும் இவர்தான். மேன்டிலுக்கு வேண்டிய தோரியத்தை மோனசைட் மணலிலிருந்து பிரித்தபின் சீரியம் போன்ற அருமண் உலோகங்கள் கழிவாக மிஞ்சின. அந்த மிச்சத்துக்குக் கிடைத்த ஒரு பயன்தான் இந்தப் பொறி. (மலேசிய ஈயச் சுரங்கங்களில் மிஞ்சும் 'அமாங்' மணலிலும் இதே மோனசைட் உண்டு.)

சீரியம் காற்றில் ஏறத்தாழ 170 பாகை செல்சியசிலேயே பற்றிக்கொள்ளும். உராய்வில் பிறக்கும் சூடே அதற்குப் போதும். குச்சியிலிருந்து ஒரு துகள் பிய்ந்த கணமே எரியத் தொடங்கும். அதன் வெப்பம் 3,000 பாகை வரை எட்டலாம். இரும்பு 1,538 பாகையிலேயே உருகிவிடும் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆக, எரிவது குச்சிதான். சுரண்டியின் வேலை துகளைப் பிய்த்துக் கொடுப்பது மட்டும். அது எஃகாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. உடைந்த கண்ணாடியும் பீங்கான் சில்லும் பொறி எழுப்பும். கண்ணாடியில் எரிவதற்கு என்ன இருக்கிறது? (கையைக் கிழித்துவிடும்; இதை நீங்கள் செய்து பார்க்க வேண்டாம்.)

அப்படியானால் சுரண்டியில் எதைப் பார்ப்பது? குச்சியைவிடக் கடினமாக இருக்க வேண்டும். அதன் விளிம்பு மழுங்காத செங்கோணமாக இருக்க வேண்டும். முதல் நிபந்தனையை எந்த எஃகும் நிறைவேற்றிவிடும். பலரும் கோட்டைவிடுவது இரண்டாவதில். எஃகுக் கரண்டியின் காம்பும் குச்சியைவிடக் கடினம்தான். ஆனால் விளிம்பு உருண்டையாக இருப்பதால் வழுக்கிக்கொண்டு போகும். மழுங்கிய துருவியில் தேங்காயை எவ்வளவு அழுத்தினாலும் பூ விழாது, இல்லையா? அதே சங்கதி.

கத்தியின் வாய்ப்பகுதியோ மறுகோடி. மெல்லிய அந்த விளிம்பு குச்சிக்குள் இறங்கிச் சிக்கும். நீங்கள் இன்னும் பலமாக இழுப்பீர்கள். சட்டென்று விடுபட்டால் கத்தி எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கத்தியின் முதுகால் சுரண்டலாமே என்பீர்கள். பல கத்திகளில் முதுகை மழமழவென்று தேய்த்து விற்கிறார்கள். அதோடு, முதுகால் சுரண்டும்போது கூர்வாய் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

பாட்டில் திறப்பான், அளவுகோல், திருகுசாவித் துளை என்று ஏழெட்டு வசதிகளோடு வரும் சுரண்டிகளுக்கும் காசு கொடுக்காதீர்கள். கையில் குத்தாதபடி அவற்றில் பலவற்றின் விளிம்பை மழுக்கியிருப்பார்கள். நமக்கு வேண்டிய ஒரே விஷயம் அங்கேதான் பறிபோகிறது. டங்ஸ்டன் கார்பைடு சுரண்டி உண்மையிலேயே நன்றாக வேலை செய்யும், ஆனால் மாணவர் முகாமுக்கு அது அதிகம்.

என் தேர்வு, இரும்பறுக்கும் ஹேக்சா பிளேடின் உடைந்த துண்டு. ஏதாவது ஒரு பட்டறையில் கேட்டால் சும்மாவே கிடைக்கும். விரல் நீளம் போதும். நீங்களே முழு பிளேடை ஒடிக்க வேண்டாம், சில்லு தெறிக்கும். பல் உள்ள பக்கத்தில் டேப் சுற்றுங்கள். முதுகுப் பக்கத்துச் சாயத்தைத் தேய்த்தெடுங்கள். பிறகு விளிம்பைக் கட்டைவிரல் நகத்தில் மெல்ல இழுத்துப் பாருங்கள். வெள்ளையாகத் தூள் எழுந்தால் விளிம்பு சரி. வழுக்கினால் கூர்தீட்டும் கல்லில் முதுகைத் தட்டையாக வைத்துத் தேய்த்துச் செங்கோணத்தை மீட்டுவிடலாம்.

புதுக் குச்சி என்றால் அதன் கறுப்புப் பூச்சையும் முதலில் சுரண்டி எடுத்துவிடுங்கள். அதுவரை பொறி வராது. "மட்டமான சாமான்" என்று பெயர் வாங்கும் குச்சிகளில் பாதி, பூச்சு போகாத குச்சிகளாகவே இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

வேகமாக இழுத்தால் பொறி நிறைய வரும், பார்க்கவும் அழகு. ஆனால் துகள் சின்னதாக இருந்தால் விழுவதற்குள் எரிந்து தீர்ந்துவிடும். மெதுவாக, நன்றாக அழுத்தி இழுத்தால் பெரிய துகள்கள் பிய்ந்து கீழே விழுந்த பிறகும் எரியும். நம் ஊர் ஈரக்காற்றில் தேங்காய் நார்கூடக் கொஞ்சம் நமத்துத்தான் இருக்கும். அதற்கு இந்தப் பெரிய துகள்கள்தான் தேவை. இன்னொன்று: சுரண்டியை நாருக்கு மேலே அசையாமல் பிடித்து, குச்சியைப் பின்னால் இழுங்கள். சுரண்டியை முன்னால் தள்ளினால், பாடுபட்டுக் குவித்த நாரைக் கையே கலைத்துவிடும்.

சீருடை இயக்கப் பொறுப்பாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. தீமூட்டும் பயிற்சியில் கத்தியால் சுரண்டுவதை நிறுத்திவிட்டு, பொருளறையில் பத்துப் பதினைந்து பிளேடுத் துண்டுகளை டேப் சுற்றி வையுங்கள். பயிற்சியைப் பெரியவர் ஒருவர் பார்வையில், காய்ந்த லாலாங் புல் இல்லாத வெறுந்தரையில், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு நடத்துங்கள். முடிந்ததும் குச்சிகளைத் துடைத்து, லேசாக எண்ணெய் தடவி மூடி வைக்கச் சொல்லுங்கள். ஈரம் பட்டால் சீரியம் அரித்துப் பொடியாகும்.