மார்கழியில் மிளகாய் நாற்றுக்கு வீட்டுக் காவல் வேண்டும்

கீழப்பழுவூர்ப் பக்கத்தில் தைப்பட்டத்திற்கு மிளகாய் வைக்கும் குடியானவர்கள் உழவிலும் எருவிலும் காட்டும் சிரத்தையில் காற்பங்கைக்கூட நாற்றங்காலில் காட்டுவதில்லை. மார்கழி மாதம் வந்ததும் வயலின் மூலையில் ஒரு பாத்தியைக் கொத்தி, விதையைக் கைநிறைய அள்ளித் தூவி, மேலே வைக்கோலைப் பரப்பிவிட்டுச் சம்பா அறுவடையைக் கவனிக்கப் போய்விடுகிறார்கள். பத்துப் பன்னிரண்டு நாட்கள் கழித்து வந்து பார்க்கும்போது பாதிப் பாத்தியில் முளையே கிளம்பியிராது. மறுபாதியில் கிளம்பியவை தண்டின் அடி அழுகித் தலை சாய்ந்து கிடக்கும். பனி கொன்றுவிட்டது என்று பனியின்மேல் பழியைப் போட்டுவிட்டு, தை பிறந்தபின் மறுபடியும் விதைக்கிறார்கள்.

இந்தப் பழி நியாயமானதுதானா என்று விசாரிக்க வேண்டும். மிளகாய் இந்நாட்டுச் செடியன்று. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பிரதேசங்களில் தோன்றி, பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் மூலமாக இங்கு வந்தது. ஆகையால் குளிரை அது விரும்பாது என்பது மெய்யே. இங்கிலாந்து போன்ற குளிர்நாடுகளில் மிளகாய் பயிரிட விரும்புவோர் மாசி மாத வாக்கிலேயே வீட்டிற்குள் சிறு தட்டுகளில் விதைத்து, ஜன்னலோரத்து வெளிச்சத்திலும் அறையின் வெப்பத்திலும் நாற்றை வளர்த்து, உறைபனிக்காலம் முற்றும் நீங்கிய பிறகே வெளியில் நடுகிறார்கள். அங்கே உறைபனி ஓர் இரவு இறங்கினாலும் நாற்று கருகிவிடும். கீழப்பழுவூரிலோ உறைபனி என்பதே கிடையாது. மார்கழி இரவுகளிலும் வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. மிளகாய் விதை நன்றாக முளைக்க 25 முதல் 30 டிகிரி வேண்டும் என்பதால், நம்முடைய பனி முளைப்பைச் சில நாட்கள் தாமதப்படுத்துகிறது. அவ்வளவே அதனால் முடியும்.

ஆனால் அந்தத் தாமதத்திற்குள்தான் ஆபத்து இருக்கிறது. எட்டு நாளில் முளைக்க வேண்டிய விதை ஈரமண்ணில் பதினான்கு நாள் கிடந்தால், மண்ணிலுள்ள பூசணங்களுக்கு, முக்கியமாக நாற்றழுகலை உண்டாக்கும் பிதியத்திற்கு, அது இரையாகிறது. விதையை நெருக்கமாகத் தூவியிருந்தால் ஒரு நாற்றில் பற்றிய நோய் மறுநாளே பக்கத்து நாற்றுக்குத் தாவுகிறது. பாத்தி கரிசல் மண்ணாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். இவ்வூர்ப் பக்கங்களில் செம்மண்ணும் கரிசலும் அடுத்தடுத்துக் கிடக்க, தண்ணீர் அருகில் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் நீர் வடியாத கரிசலில் நாற்றுவிடுவோர் இன்னும் உண்டு. மழையும் மார்கழியோடு ஓய்ந்துவிடும் என்று நம்புவதற்கில்லை. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூர்ப் பக்கம் கரையைக் கடந்தது மார்கழி நடுவில்தான். 2021 ஜனவரியில் பொங்கலை ஒட்டிப் பெய்த மழையில் அறுவடைக்கு நின்ற நெல்லே சாய்ந்து முளைத்தது. அத்தகைய மழையைத் திறந்தவெளிப் பாத்தியிலுள்ள இரண்டிலை நாற்று எங்ஙனம் தாங்கும்?

மறுபடி விதைத்துக் கொண்டால் போயிற்று என்று சொல்வோர் பஞ்சாங்கத்தை ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். மார்கழி நடுவில் விதைத்த நாற்று நாற்பது நாளில் தை முடிவுக்குள் நடவுக்கு வரும். நட்டபின் ஏறக்குறைய நாற்பது நாளில், பங்குனியில் பூக்கும். முதல் நாற்றங்கால் அழிந்து தை நடுவில் மறுபடி விதைத்தால் நடவு மாசிக் கடைசிக்குப் போய்விடுகிறது. பூ சித்திரையில் வருகிறது. மே 4ஆம் தேதி வாக்கில் அக்கினி நட்சத்திரம் பிறக்கிறது. அந்த வெயிலில் பூவும் பிஞ்சும் உதிர்வதை யாரும் தடுத்துவிட முடியாது. கிணற்றிலும் அப்போது நீர் இறங்கியிருக்கும். ஆக, விதைக்காகப் போட்ட சில நூறு ரூபாய் மட்டுமல்லாமல் முதல் இரண்டு பறிப்புகளின் பலனையும் குடியானவர் அந்த மூலைப்பாத்தியில் இழக்கிறார்.

இராமநாதபுரம் ஜில்லாவில் குண்டு மிளகாயை வடகிழக்குப் பருவமழையை நம்பி நிலத்திலேயே நேராக விதைக்கிறார்களே, அங்கு நாற்றங்கால் ஏது என்று சிலர் கேட்பதுண்டு. முண்டு மிளகாய் என்று பெயர் பெற்ற அந்த ரகம் 2023இல் புவிசார் குறியீடும் பெற்றது உண்மை. ஆனால் அது மானாவாரிச் சாகுபடி. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்துக் கிடைத்த மழையோடு வளர்ப்பது. இறவையில் தைப்பட்டத்திற்கு நடுகிறவர் அதைப் பார்த்துப் பழக வேண்டிய அவசியமில்லை.

ஆகவே நாற்றங்கால் வயலைவிட்டு வீட்டுப்புறத்திற்கு வரவேண்டும் என்பதே இங்கு வற்புறுத்தப்படுகிறது. ஏக்கருக்கு ஒரு செண்டு இடம் போதுமானது. கொல்லையில் கிணற்றடியையொட்டி, காலை வெயில் விழும் இடமாகப் பார்த்து, செம்மண்ணும் மணலும் மக்கிய தொழுவுரமும் கலந்து, மூன்றடி அகலமும் அரையடி உயரமுமாக மேட்டுப்பாத்தி அமைக்க வேண்டும். பாத்தியின்மேல் மூங்கிற் பிளாச்சுகளை வளைத்து ஊன்றி, 40 கண் நைலான் வலையைப் போர்த்தி ஓரங்களை மண்ணால் மூடிவிட்டால் வெள்ளை ஈயும் அசுவினியும் பெரும்பாலும் உள்ளே நுழையா. இலைப்பேனை இவ்வலை முழுவதும் தடுத்துவிடும் என்று சொல்வதற்கில்லை. மழை இறங்கும்போது வலைக்குமேல் தென்னங்கீற்றையோ பாலிதீன் தாளையோ போட்டு, மழை விட்டதும் எடுத்துவிட வேண்டும். இப்படி இரவு பத்து மணிக்கு எழுந்துபோய் மூடுவது கொல்லையில் நடக்கும். அரை மைலுக்கு அப்பாலுள்ள வயலில் நடக்காது. வீட்டுப்புறம் என்று வற்புறுத்துவதன் முழுக்காரணமும் இதுதான்.

விதையின் அளவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டடிக்கு ஒன்றரையடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 14,500 செடிகள் நிற்கும். கோவில்பட்டி, பாலூர் முதலிய இடங்களின் ரகங்களுக்கு ஏக்கருக்கு 400 கிராம் விதை சிபாரிசு செய்யப்படுகிறது. ஒரு கிராமில் 150 விதைகளுக்குக் குறையாமல் இருக்குமாதலால் 400 கிராமில் அறுபதினாயிரம் விதைகள் ஆயின. சிபாரிசிலேயே நான்கு விதைக்கு ஒரு செடி என்ற கணக்கு அடங்கியிருக்க, அதற்கும் மேலே இன்னொரு பிடி தூவுவது நோய்க்கு விருந்து வைப்பதேயாகும். விதையைக் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற விகிதத்தில் கலந்து வைத்திருந்து, பாத்தியின் குறுக்கே விரற்கடை ஆழத்திற்கும் குறைவாகக் கோடு கீறி, நான்கு விரல் இடைவெளியில் வரிசையாக விதைத்தால் இந்த அளவே தாராளமாகும். மூடாக்கு வைக்கோலை முளை கண்டவுடன் எடுத்துவிட வேண்டும். இரண்டு நாள் தாமதித்தாலும் நாற்று வெளுத்து நூல்போல நீண்டுவிடும். பூவாளியால் காலையில் மட்டும் தண்ணீர் தெளிப்பது நல்லது. மாலையில் தெளித்த ஈரம் பனியோடு சேர்ந்து இரவு முழுவதும் நாற்றின் காலடியில் நிற்கிறது. அப்படியும் அழுகல் தோன்றினால் லிட்டருக்கு இரண்டரை கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கரைத்து மண் நனைய ஊற்றலாம்.

வீரிய ஒட்டு விதை வாங்குகிறவர்கள் விலையை எண்ணியேனும் குழித்தட்டுக்கு வருவது உசிதம். ஏக்கருக்கு 80 முதல் 100 கிராம் விதையே போதும். 98 குழித்தட்டுகளில் மக்கிய தென்னைநார்க் கழிவை நிரப்பிக் குழிக்கு ஒரு விதை ஊன்றினால், செடி நெருக்கத்திற்கேற்ப 100 முதல் 160 தட்டுகள் வரை ஆகும். 160 தட்டுகளும் 250 சதுர அடியில் அடங்கிவிடும். மார்கழிக்குத் தட்டுகளில் மற்றொரு சௌகரியமும் உண்டு. விதைத்தவுடன் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பாலிதீன் தாளால் போர்த்தி, வீட்டினுள் அடுப்படியை அடுத்த மூலையில் ஆறேழு நாட்கள் வைக்கலாம். அங்கே இரவிலும் வெப்பம் குறையாது. விதை ஏககாலத்தில் முளைக்கும். முளைவிதையைத் துணியில் முடிந்து வெதுவெதுப்பான இடத்தில் வைத்த நம் பாட்டிமார் அறிந்திருந்த உபாயமே இது. முதல் முளை தலைகாட்டிய அன்றே தட்டுகளை வெளிச்சத்திற்கு, வலைப்பந்தலின்கீழ், கொண்டுவந்துவிட வேண்டும்.

நாற்றை விலைக்கு வாங்கிவிட்டால் இத்தனை சிரமமும் இல்லையே எனலாம். நேர்மையான நாற்றுப்பண்ணைகள் இருக்கின்றன. அவற்றை யாரும் குறைகூற வேண்டியதில்லை. என்றாலும் வெளியூரிலிருந்து லாரியில் வரும் நாற்றோடு என்ன ஏறி வருகிறது என்பது வாங்குகிறவருக்குத் தெரியாது. 2015இல் பெங்களூரில் பப்பாளியில் முதன்முதலாகக் காணப்பட்ட புதிய கருநிற இலைப்பேன், 2021ஆம் வருஷக் கடைசியில் ஆந்திரத்திலும் தெலுங்கானாவிலும் மிளகாய்ப் பூக்களில் கூட்டங்கூட்டமாக இறங்கி, பல குடியானவர்கள் பயிரையே உழுதுவிடும்படி செய்தது. வாங்கித்தான் தீரவேண்டும் என்றால் பணம் கொடுக்குமுன் பத்து நாற்றுகளைப் பிரித்து, இலையின் அடிப்புறத்தையும் குருத்தையும் பார்த்து, ஒரு வெள்ளைக் காகிதத்தின்மேல் தட்டிப் பார்த்துவிட வேண்டும்.

செயல்விளக்கத் திடல்களிலும் ஒரு குறை உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இரும்புக் குழாய்களால் அமைத்த நிழல்வலைக் கூடாரத்தைக் காட்டிய மாத்திரத்தில், அரை ஏக்கர் மிளகாய் வைக்கும் சிறு குடியானவர் இது நமக்காகச் சொல்லப்பட்டதன்று என்று தீர்மானித்துத் திரும்பிவிடுகிறார். மூங்கிற் பிளாச்சும் பழைய கீற்றும் காட்டப்பட்டிருந்தால் அவர் அன்றைக்கே கொல்லையை அளந்திருப்பார். நாற்றுக்குத் தண்ணீர் தெளிப்பதும் களை எடுப்பதும் அநேக வீடுகளில் பெண்மக்களே. விளக்கக் கூட்டங்களுக்கு அழைக்கப்படுவோர் மட்டும் ஆடவராகவே இருக்கிறார்கள். இது ஏன் என்று விளங்கவில்லை.

கொல்லை நாற்றங்காலுக்கு மெய்யான விரோதி ஒன்று உண்டென்றால் அது வீட்டுக் கோழிதான். பறவைகளுக்கு மிளகாயின் காரம் உறைப்பதில்லை. ஆதலால் காரத்தைக் கண்டு கோழி ஒதுங்கும் என்று எண்ணுவது வீண். விதைத்த முதல் வாரம் அது பாத்தியைச் சீய்த்துவிடும். வலையின் ஓரத்தை மண்ணிட்டு மூடச் சொன்னதில் பாதி இதன் பொருட்டே. நடவுக்கு ஒரு வாரம் இருக்கையில் தண்ணீரைக் குறைத்து, பகலில் வலையை நீக்கி நாற்றை வெயிலுக்குப் பழக்கும்போது கூடையால் கவிழ்த்தேனும் கோழியை அடைத்து வைக்க வேண்டும்.